படலையில் சொன்ன சொல்

அந்த நாய் என்னிடம் வந்தது பள்ளிக்கூடத்திலிருந்து. தொண்ணூறாம் ஆண்டு. மயிலிட்டிச் சனம் சண்டைக்குப் பயந்து கடற்கரையை விட்டு எழும்பி வந்து, எங்கள் சண்டிலிப்பாய்ப் பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு வகுப்பு சேலைகளைக் கட்டி மறைத்துக்கொண்டு இருந்தார்கள். பிள்ளைகள் இருந்து படிக்கிற வாங்குகள் முற்றத்தில் நனைந்து கிடந்தன. சில அடுப்புக்குள்ளும் போயின. அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பச்சை விறகோடு எத்தனை நாளைக்கு மாரடிப்பது.

என் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையில் ஒரு புகையிலைத் தோட்டம்தான். என் மனுசன் எண்பத்துநாலில் செத்துப்போனார். மகன் அடுத்த வருசம் ஜெர்மனிக்குப் போய்விட்டான். வீட்டில் நான் தனி. தங்கச்சி தன்னோடு வந்து இருக்கச் சொல்லிக் கேட்டாள். நான் போகவில்லை. இன்னொருத்தி அகப்பையால் போட்டுத் தரும்வரை கோப்பையோடு பார்த்துக்கொண்டிருக்கிற பழக்கம் எனக்கில்லை.

ஊரில் முறை வைத்துச் சமைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தோம். என் முறை வருகிற நாளில் சோற்றுச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தோட்டத்து வரம்பால் போவேன். பள்ளிக்கூடத்துக் கிணற்றடியில் ஒரு வேம்பு. அதன் அடியில் இந்த நாய் படுத்திருக்கும். கபில நிறம். ஒரு காது கிழிந்து மடிந்துபோய் இருந்தது. கடுவன் நாய், ஆனால் கடுவனுக்குரிய மிடுக்கு ஒன்றும் இல்லை. யாராவது கிட்டப் போனால் குரைத்துக் குரைத்துப் பின்னால் போகும். அவர்கள் நின்றால் அதுவும் நிற்கும். ஆளுக்கும் தனக்கும் இடையில் எவ்வளவு இடம் வேண்டும் என்று அது ஒரு கணக்கு வைத்திருந்தது.

அது ஒரு மீன்காரப் பெட்டையின் நாய். முப்பது வயது இருக்கும் அவளுக்கு. வாய்க்காரி. கடைசி வகுப்பறையில், மஞ்சள் சேலைக்குப் பின்னால் புருசனோடு இருந்தாள். ஒருநாள் என்னிடம் சட்டியை வாங்கும்போது சொன்னாள்.

"அம்மா, இஞ்சை வாற ஆக்களிலை உங்களிலை மட்டும்தான் அது குரைக்கேல்லை."

"நான் சோத்துச் சட்டியோடை வாறன். அது சட்டிக்கு மரியாதை குடுக்குது."

"சட்டியோடை எத்தினை பேர் வருகினம். எல்லாரிலும் குரைக்குதம்மா. ஐயர் வந்தாலும் குரைக்குது, பாதிரியார் வந்தாலும் குரைக்குது. அதுக்கு வேற்றுமை இல்லை."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். ஊரை விட்டு ஓடிவந்த அன்று சனத்துக்குள் அகப்பட்டு மிதிபட்டதாம். காது அப்போது கிழிந்ததுதானாம். அன்றிலிருந்து ஆட்கள் கூட்டமாக வருவதைக் கண்டால் அதற்கு உடம்பு நடுங்குமாம்.

"நாங்கள் அக்கரைக்கு, இந்தியாவுக்குப் போகப் போறம் அம்மா. வள்ளத்திலை நாயை ஏத்தமாட்டினம். நீங்கள் இதைக் கொண்டு போங்கோவன்."

"எனக்கு நாய் வேண்டாம் பிள்ளை. என்ரை வீடு சைவ வீடு. உது மீன் திண்டு வளந்த நாய்."

"மாறிடும் அம்மா. நாங்களே எவ்வளவுக்கு மாறிப்போனம்."

சட்டியைக் கழுவி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த முறை போனபோது மஞ்சள் சேலை இல்லை. வேறு குடும்பம் வேறு சேலை கட்டியிருந்தது. நாய் வேம்படியில் இல்லாமல் அந்த வகுப்பறை வாசலில் கிடந்தது. புதிதாய் வந்தவர்கள் கூட்டுகிற தும்புக்கட்டையால் எறிந்து கலைப்பார்கள். அது கொஞ்சம் விலகிப் போய் நின்றுவிட்டுத் திரும்பவும் அங்கேயே வந்து படுக்கும். முகாமுக்குப் பொறுப்பானவர் வந்து, சின்னப் பிள்ளைகள் புழங்குகிற இடம், நாய்களை அப்புறப்படுத்தப் போகிறோம் என்று சொல்லிப்போட்டுப் போனார். அப்புறப்படுத்துவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

கயிறு போட்டு இழுத்து வர எனக்கு மனம் வரவில்லை. இழுத்தாலும் அது வந்திராது. ஒரு உடைந்த மண்சட்டியில் சோறும் பருப்புத் தண்ணீரும் பிசைந்து, வகுப்பறை வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்தேன். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் தள்ளி. அதற்கடுத்த நாள் பள்ளிக்கூட வேலியோரம். பிறகு புகையிலைத் தோட்டத்து வரம்பு. இப்படி வரம்பு வழியே சட்டியை நகர்த்திக்கொண்டு வருகிறேன். பக்கத்து வளவுக்காரி வேலிக்கு மேலால் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"என்னக்கா, நாய்க்கு எல்லை அளக்கிறியளோ?"

"ஓமடி. உன்ரை காணிக்குள்ளையும் ரெண்டு முழம் வருது, வந்து பார்."

சிரித்தாள். ஆனால் அன்று பின்னேரம் ஒரு சிரட்டையில் சூடை மீன் தலைகளைப் போட்டு, வேலிப் பொட்டுக்குள்ளால் நீட்டினாள். எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவேலியில் ஓலையை விலக்கிக் குனிந்து போய்வர ஒரு பொட்டு இருந்தது. அவளுக்கும் எனக்கும் அதுதான் வாசல். சைவ வீட்டுச் சட்டியில் மீன் தலை போட்டது அன்றுதான். வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் போட்டேன். யாரும் கேட்டால் நாய் வேறு, நான் வேறு என்று சொல்லுவேன். ஒருவரும் கேட்கவில்லை.

சட்டி எங்கள் வேலிவாசல் படலைக்கு வந்து சேர மாரிமழை தொடங்கிவிட்டது. நாய் படலைக்கு வெளியே நின்றது. உள்ளே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. நல்ல மழை பெய்த ஒரு காலை கதவைத் திறக்கிறேன், படலைக்கு மேலே போட்டிருந்த சின்ன ஓலைக்கூரையின் கீழே, உள்பக்கமாகப் படுத்திருந்தது. நான் கண்டும் காணாதது மாதிரிக் கிணற்றடிக்குப் போனேன். அப்படித்தான் அது வீட்டு நாய் ஆனது.

பெயர் வைக்கவில்லை. மீன்காரப் பெட்டை ஒரு பெயரால் கூப்பிட்டிருப்பாள். அதை நான் கேட்டு வைக்கவும் இல்லை. இன்னொரு பெயர் வைத்து அதைக் குழப்ப விருப்பமும் இல்லை. "டேய்" என்றால் காதைத் தூக்கும். அது போதும்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்லவேண்டும்.

எங்களுக்குள் வீட்டை விட்டு வெளிக்கிடும்போது "போறன்" என்று சொல்லுவதில்லை. "போட்டு வாறன்", போய்விட்டு வருகிறேன், என்றுதான் சொல்லவேண்டும். போறன் என்பது திரும்பி வராதவர்களுக்குரியது. என் மனுசன் இருந்த காலத்தில் அவருக்குச் சொல்லிவிட்டுப் போனேன். பிறகு மகனுக்கு. ஒருவரும் இல்லாமல் போன பிறகும் நான் விடவில்லை. படலையடியில் நின்று வீட்டைத் திரும்பிப் பார்த்து "போட்டு வாறன்" என்று சொல்லுவேன். திரும்பி வந்ததும் "வந்திட்டன்" என்று சொல்லிக்கொண்டுதான் உள்ளே கால் வைப்பேன். வெறும் வீட்டோடு கதைக்கிறாள் என்று ஊரில் சொல்லுவார்கள் என்று தெரியும். சொல்லட்டும்.

நாய் வந்த பிறகு அதைக் கேட்க ஒரு ஆள் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. முதல் தடவை கோயிலுக்குப் போய்த் திரும்புகிறேன், படலையின் நட்டநடுவில் குந்தியிருக்கிறது. நான் போகும்போது நின்ற அதே இடம். மழைத் தூறல் முதுகில் முத்து முத்தாக நிற்கிறது. உதறக்கூட இல்லை. "வந்திட்டன்" என்றேன். எழும்பி, உடம்பை உதறி, வாலை இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டுத் தன் சட்டியடிக்குப் போனது. அன்றிலிருந்து அப்படித்தான். சொன்னால் குந்தும். வந்து சொன்னால் எழும்பும். நான் பழக்கவில்லை. அதை முந்தி விட்டுப் போனவர்கள் ஒரு சொல்லும் சொல்லாமல் போனார்கள் போலும். சொல்லிவிட்டுப் போகிற ஒருத்தியைக் கண்டதும் பிடித்துக்கொண்டது என்று நினைத்துக்கொள்வேன்.

நான் இல்லாத நேரத்தில் படலையால் ஒருவரும் வர முடியாது. பக்கத்து வளவுக்காரி பொட்டுக்குள்ளால் வருவாள்; அவளை விடும். மீன் தலையை மறக்கவில்லை. அவளின் புருசன் நெட்டை மனுசன். பொட்டுக்குள் குனிந்து வரச் சோம்பல், அல்லது வெட்கம். சங்கக்கடையில் வேலை செய்தவர், படலையால் சைக்கிளோடு வருகிறதுதான் மரியாதை என்ற எண்ணம். ஒருநாள் கிடங்கு தோண்ட அலவாங்கு கேட்டு வந்து, நான் இல்லாத நேரம், நாயிடம் அகப்பட்டுக் கொண்டார். நான் தோட்டத்தால் வரும்போது சைக்கிளைக் குறுக்கே பிடித்துக்கொண்டு வேலியோடு ஒட்டி நிற்கிறார். நாய் கடிக்கவில்லை. அவர் அசைந்தால் பல்லைக் காட்டும், அவ்வளவுதான்.

"அக்கா, உங்கடை வீட்டுக்கு வாறதெண்டால் பாஸ் எடுக்கவேணும்போலை கிடக்கு."

"பொட்டுக்குள்ளாலை வந்திருந்தால் பாஸ் தேவையில்லை."

"நான் என்ன கோழியே, பொட்டுக்குள்ளாலை வர?"

"கோழிக்கு உள்ள புத்தி உனக்கில்லை."

அவர் மனுசி வேலிக்கு அங்காலே நின்று சிரிக்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகும் அவர் பொட்டால் வரவில்லை. நாயும் அவரைப் பிறத்தி ஆளாகத்தான் வைத்திருந்தது.

பீரங்கிச் செல் அடிக்கிற நாட்களில் அவர்கள் வளவில் வெட்டிய பங்கருக்குள் நாங்கள் எல்லாரும் போவோம். நாய் வராது. உள்ளே அக்கம்பக்கத்து ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பார்கள். அந்த நெருக்கத்தைக் கண்டால் அதன் கால்கள் நடுங்கும். வாசலில் மண்மூட்டைக்கு அருகில் படுத்துக்கொள்ளும். நான் கடைசிப் படியில் இருந்து அதன் முதுகில் கையை வைத்துக்கொண்டிருப்பேன். உள்ளே வரச்சொல்லி எல்லாரும் ஏசுவார்கள். நான் காது கேளாத மாதிரி இருப்பேன்.

ஐந்து வருசம் இப்படிப் போனது.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் எல்லாரையும் வெளிக்கிடச் சொல்லி ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஒழுங்கை ஒழுங்கையாகப் போனது. ஆமி முன்னேறி வருகிறது, வலிகாமத்தில் ஒருவரும் இருக்கக்கூடாது, தென்மராட்சிக்குப் போங்கள் என்று. நான் போகமாட்டேன் என்றேன். பக்கத்து வளவுக்காரி பொட்டுக்குள்ளால் வந்து என் குசினி வாசலில் குந்திக்கொண்டாள்.

"நீங்கள் வராமல் நாங்கள் அசையமாட்டம் அக்கா. பிறகு எங்கடை பழி உங்களுக்கு."

அடுத்த நாள் காலமை வெளிக்கிடுகிறதென்று முடிவு.

நாயை விட்டுப்போகிற எண்ணம் எனக்கு ஒரு துளியும் இருக்கவில்லை. அதற்கென்று சோறு வடித்து ஓலைப்பெட்டியில் கட்டினேன். பழஞ்சேலைக் கரையைத் திரித்துக் கழுத்துக்கு நோகாத கயிறு செய்தேன். காலமை சாமியறையில் விளக்கு வைத்தேன். கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகினேன். கயிற்றைக் கட்டும்போது நாய் ஒன்றும் செய்யவில்லை, நக்கியது. என் கூடவே படலைவரை நடந்து வந்தது.

படலையடியில் திரும்பி நின்றேன். கூரை ஓட்டில் மழை வழிகிறது. உள்ளே விளக்கு எரிகிறது. என் வாயால், எப்போதும் சொல்லுகிற மாதிரி, "போட்டு வாறன்" என்று சொன்னேன். அந்த வீட்டுக்கு அதைச் சொல்லாமல் எப்படி வெளிக்கிடுவது.

நாய் குந்திவிட்டது.

"டேய், வா. நீயும் வாறாய்."

அது என்னை நிமிர்ந்து பார்த்தது. தன் வேலை தெரிந்தவன் பார்க்கிற பார்வை. கயிற்றை இழுத்தேன். கழுத்தை நீட்டிக்கொண்டு இருமியது; எழும்பவில்லை. சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு நின்ற பக்கத்து வளவுப் புருசனும் மனுசியும் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"சொன்னதைக் கேட்டு நிக்குதக்கா" என்றாள் அவள்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. திரும்ப உள்ளே போனேன். முற்றம்வரை போய்த் திரும்பி வந்து "வந்திட்டன்" என்றேன். எழும்பியது. வாலை ஆட்டியது. இந்த முறை ஒரு சொல்லும் சொல்லாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒழுங்கைக்கு இறங்கினேன். என் பின்னால் வந்தது. நெஞ்சுக்குள் ஒரு ஆறுதல்.

ஒழுங்கை முடக்கில் பெரிய தெரு. அதில் சனம். கண்ணுக்கு எட்டியமட்டும் தலையும் மூட்டையும் குடையும் சைக்கிளும். கிழவர்களைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு போகிறார்கள். நாய் நின்றது. கயிற்றில் அதன் நடுக்கம் என் கைக்கு வந்தது. ஒரு சைக்கிள்காரன் அதன் மேல் முட்டுகிற மாதிரி வந்து விலகினான். அவ்வளவுதான். பின்னங்கால்களை ஊன்றித் தலையை உருவிக்கொண்டு, வந்த ஒழுங்கையாலேயே ஓடியது. கயிறு வெறுமையாய் என் கையில்.

திரும்பிப் போனேன். படலையின் நட்டநடுவில் குந்தியிருந்தது. மூச்சு வாங்குகிறது.

எங்கேயோ கிட்ட ஒரு செல் விழுந்தது. ஒழுங்கை முடக்கில் நின்று பக்கத்து வளவுக்காரர் கூப்பிட்டார். "அக்கா, இனி நிக்கேலாது. வாங்கோ."

ஓலைப்பெட்டியை அவிழ்த்துப் படலைக்கு உள்ளே வைத்தேன். அதன் தலையில் கை வைத்தேன். சொல்லாமல் போகலாம். அதற்கு முந்தி இருந்தவர்கள் அப்படித்தான் போனார்கள். எனக்கு அது முடியவில்லை. "போட்டு வாறன்" என்றேன். இந்த முறை வீட்டுக்குச் சொல்லவில்லை.

செம்மணி வெளியில் சனம் அசையாமல் நின்றது. இரண்டு பக்கமும் தண்ணீர். முன்னாலும் போகேலாது, பின்னாலும் போகேலாது. ஆட்களின் மூச்சு என் பிடரியில் படுகிறது. என் காலை எத்தனை பேர் மிதித்தார்கள் என்று தெரியாது. இதற்குள் அதைக் கொண்டு வந்திருந்தால் காலடியில் போயிருக்கும். அதற்குத் தெரிந்திருந்தது.

மீசாலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு இடம் கிடைத்தது. நடு வகுப்பறையில் ஒரு மூலை. என் வெளிறின நீலச் சேலையைக் கட்டி மறைத்தேன். வாங்குகளை முற்றத்தில் தூக்கிப் போட்டிருந்தார்கள். மத்தியானம் அந்த ஊர்ப் பெண்கள் சட்டிகளோடு வந்தார்கள். நான் கோப்பையோடு போய் நின்றேன். ஒருத்தி அகப்பையால் போட்டுத் தரும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதல் கிழமையில் சிலர் சைக்கிளில் திரும்பிப் போய் அரிசி, உடுப்பு என்று எடுத்து வந்தார்கள். பக்கத்து வளவுக்காரியின் புருசனும் போவதென்று வெளிக்கிட்டார். நான் கயிற்றைக் கொடுத்தேன்.

"படலைக்குள்ளை போகாதை. வெளியிலை நிண்டு 'வந்திட்டன்' எண்டு சொல்லு."

"நான் சொன்னால் நம்புமே அக்கா? என்னை அது ஒருநாளும் ஆளாய் மதிக்கேல்லை."

"நம்பாது. ஆனாலும் சொல்லிப் பார்."

மறுநாள் பின்னேரம் வந்தார். சைக்கிளில் ஒரு அரிசி மூட்டை. நாய் இல்லை. முகம் கழுவினார். அவரே வந்து எனக்கு முன்னால் நிலத்தில் இருந்தார்.

"நிக்குதக்கா. நல்லாய் மெலிஞ்சிட்டுது. வளவு முழுக்க இலை. அது இருக்கிற இடம் மட்டும் கூட்டின மாதிரிக் கிடக்குது."

"சொன்னனியோ?"

"சொன்னனான். காதைத் தூக்கினது. எழும்பினது. ஆனால் என்னைப் பார்க்கேல்லை. எனக்குப் பின்னாலை ஒழுங்கையைப் பார்த்தது. கனநேரம் பார்த்தது. பிறகு இருந்திட்டுது."

"பொட்டுக்குள்ளாலை போகேல்லையோ?"

"போனனான் அக்கா. குனிஞ்சு போனனான். போய் உங்கடை கிணத்திலை தண்ணி அள்ளி வைச்சனான். அதுக்கும் ஒண்டும் செய்யேல்லை. கிட்டப் போய்க் கயித்தைப் போடப் பார்த்தன். அப்பத்தான் பல்லைக் காட்டினது."

மனுசன் கையை மறைத்து வைத்திருந்ததை அப்போதுதான் கண்டேன். துணி சுற்றியிருந்தது.

அடுத்த நாள் விடிய அவரின் சைக்கிள் கரியரில் ஏறி இருந்தேன். அவரால் என்னை வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. கைதடிப் பாலத்தடியில் இயக்கப் பொடியள் மறித்தார்கள். இனி ஒருவரையும் அங்காலே விடமாட்டோம் என்றார்கள். நான் இறங்கி, மறித்தவர்களில் ஒருவனிடம் போனேன். மீசை அரும்புகிற வயதுதான் அவனுக்கு.

"தம்பி, என்ரை நாய் நிக்குது."

"ஆச்சி, அங்கை மனுசரே இல்லை."

"அதைத்தான் சொல்லுறன். நாய் நிக்குது. நான் போய் ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு வந்திடுவன்."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். விசர் என்று நினைத்திருப்பான். ஏசவில்லை. "திரும்பிப் போங்கோ ஆச்சி" என்று மெதுவாகச் சொன்னான். நான் மத்தியானம் வரைக்கும் பாலத்தடியில் நின்றேன். மேற்கே புகை எழும்பிக்கொண்டிருந்தது. வெயிலும் இல்லை, மழையும் இல்லை. ஒருவரையும் விடவில்லை. பிறகு அவர் என் கையைப் பிடித்துச் சைக்கிளில் ஏற்றினார்.

பள்ளிக்கூட வாசலில் அவர் மனுசி நின்றாள். தண்ணீருக்கு வரிசையில் வைத்த வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றவள், சைக்கிளைக் கண்டதும் இரண்டடி முன்னால் வந்தாள்.

"வந்திட்டியளோ அக்கா?"

எல்லாரும் எல்லாரையும் கேட்கிற கேள்விதான். "வந்திட்டன்" என்ற சொல் என் படலைக்குரியது. கரியரால் இறங்கி, இடுப்பில் திறப்பு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு, அவளுடைய வாளிக்குப் பின்னால் போய் நின்றேன்.